வீட்டு சர்வர் அடிக்கடி நெட்வொர்க்கிலிருந்து காணாமல் போவது ஏன்?

சர்வர் இயங்கிக்கொண்டிருந்தும் மற்றக் கருவிகளால் அதை அவ்வப்போது எட்ட முடியாமல் போனால், கேபிளுக்கு அடுத்தபடியாகச் சந்தேகிக்க வேண்டியது ஐபி முகவரி மோதலை. நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் எண்ணே ஐபி முகவரி; ஒரே நெட்வொர்க்கில் இரு கருவிகள் ஒரே முகவரியை வைத்திருப்பதே மோதல்.

ரவுட்டர் தன்னிடமுள்ள முகவரிகளை, உதாரணமாக 192.168.1.100 முதல் 200 வரை, கருவிகளுக்குக் குறிப்பிட்ட காலத்துக்குத் தந்து பதிவு செய்துகொள்கிறது. சர்வரில் நாமே 192.168.1.105 என்று எழுதிவைத்தால் அந்தப் பதிவில் அது ஏறுவதில்லை. பதிவேட்டில் பெயர் எழுதாமல் லாட்ஜில் தங்கியவர் வெளியே சென்ற நேரத்தில், மேலாளர் அந்த அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதைப் போல, சர்வர் அணைந்து எழும் இடைவெளியில் அதே முகவரி ஒரு கைப்பேசிக்குப் போய்விடலாம். அந்தக் கைப்பேசி வீட்டை விட்டு வெளியேறியதும் சர்வர் மறுபடி தென்படும். கோளாறு கண்ணாமூச்சி காட்டுவது இதனால்தான்.

கோளாறு நிகழும்போதே சர்வரின் கேபிளைக் கழற்றிவிட்டு, வேறொரு கணினியிலிருந்து அந்த முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனைச் செய்தி) அனுப்புங்கள். பதில் வந்தால் அங்கே வேறு கருவி இருக்கிறது. ரவுட்டர் அமைப்பில் சர்வரின் மேக் முகவரிக்கு (அதன் நெட்வொர்க் வன்பொருளின் அடையாள எண்) ஓர் ஐபியை ஒதுக்கிவைத்து, சர்வரைத் தானியங்கி முகவரிக்கு மாற்றுவதே நல்ல தீர்வு.

சர்வரில் நிலையான ஐபி கொடுத்துவிட்டாலே அந்த முகவரி அதற்கு மட்டும் உரியதாகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். ரவுட்டர் பகிர்ந்து தரும் முகவரிகளில் அதுவும் ஒன்றாக இருந்தால், ரவுட்டரிலும் ஒதுக்காதவரை அப்படி ஆவதில்லை.