ஓரெழுத்தும் வெடுக்கென்ற பேச்சும்: கேள்வி பதில்

பர்மாவில், ரங்கூனில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருகிறவன் நான். கேட்கும் முன் ஒரு வார்த்தை: பர்மியச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து முடிவு கட்டாதீர்கள். குரலின் ஏற்ற இறக்கம் நம் எழுத்தில் நிற்காது.

பெகுவிலிருந்து: தமிழில் ஓரெழுத்துச் சொல் எத்தனை, சயா (பர்மியத்தில் ஆசிரியர்)?

நன்னூல் கணக்கில் 42. அதில் 40 நெடில்: ஆ, ஈ, பூ, தீ, கை, வா, போ போன்றவை. மிச்சம் இரண்டும் குறில்: 'நொ', 'து'. நொ என்றால் வருந்து. து என்றால் உண். இரண்டையும் இன்று யாரும் பேசுவதில்லை.

மோல்மேனிலிருந்து: என் மகன் பக்கத்து வீட்டுப் பர்மிய அம்மாவை 'லா' என்று கூப்பிட்டான், முகம் சுளித்துவிட்டார். 'வா' என்பதற்கு அதுதானே சொல்?

சொல் அதுதான், ஆனால் அது மொட்டைச் சொல். 'லாபா' என்றிருக்க வேண்டும். வினையோடு ஒட்டும் அந்தப் 'பா'வில்தான் பர்மிய மரியாதை இருக்கிறது. 'மலாபூ' என்றால் வரவில்லை, 'மலாபாபூ' என்றால் அதையே பணிவாகச் சொல்வது. வாக்கியம் முடிகிறபோது ஆண்கள் 'கம்யா', பெண்கள் 'ஷின்' சேர்த்தால் இன்னும் நல்லது.

நம் பிள்ளைகள் தடுமாறுவதும் இங்கேதான். தமிழில் 'வாப்பா' என்பது தோளில் கைபோடுகிற பேச்சு. பெரியவரிடம் சொன்னால் அடி விழும். பர்மியத்தில் அதே ஓசைதான் கைகட்டி நிற்கிறது. வீட்டில் 'ப்பா' போடாதே என்று அதட்டி வளர்த்த பிள்ளை, வெளியிலும் போடாமல் வந்துவிடுகிறான். பையன் மேல் தப்பில்லை. நாளைக்கு 'லாபா' சொல்லச் சொல்லுங்கள், அந்த அம்மா சிரித்துவிடுவார்.

தட்டோனிலிருந்து: பர்மியரின் 'சாபா'தானே நம் சாப்பாடு?

இல்லை. 'சா' உண்பது, 'பா' இப்போது சொன்ன மரியாதை. 'சாபா' என்றால் சாப்பிடுங்கள். திபெத்திய மொழியிலும் உண்பதற்கு 'ஸ' என்ற ஓரசைச் சொல் உண்டு. இரண்டும் ஒரே குடும்பம். நாம் அதில் இல்லை.

ரங்கூனிலிருந்து: அப்படியானால் நம்மிடமிருந்து அவர்கள் எடுத்திருக்கலாமே?

உண்பதற்கு ஒரு சொல் கடன் வாங்கும் அளவுக்கு யாரும் பட்டினி கிடக்கவில்லை ஐயா. ஓரெழுத்துதான் வேண்டுமென்றால் நம்மிடம் 'து' இருக்கிறது.

பெகுவிலிருந்து: மருமகள் எதைக் கேட்டாலும் 'ம்' என்கிறாள். அது சொல்லா?

மெய்யெழுத்து தனியாகச் சொல்லாகாது. மற்றது குடும்ப விஷயம், வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

மோல்மேனிலிருந்து: குழந்தைக்கு ஓரெழுத்தில் பெயர் வைத்தால் ராசியா?

ஜோசியரைப் பாருங்கள்.

தட்டோனிலிருந்து மறுபடி: எழுதிப் பார்த்தேன் சயா. 'சாபா', 'சாப்பா'. ஒன்றுபோலத்தான் இருக்கிறது!

எழுதிப் பார்க்காதீர்கள் என்றுதானே ஆரம்பித்தேன்? தணிந்த குரலில் 'சா' கடிதம், உயர்த்தி நீட்டினால் உண், சட்டென்று நறுக்கினால் தொடங்கு. தமிழில் எழுதினால் மூன்றும் ஒன்றுதான். அதுவும் தமிழில் 'சா' என்றால் செத்துப்போ. விருந்தாளிக்கு எழுதி அனுப்பிவிடாதீர்கள்.

ரங்கூனிலிருந்து: ஆனாலும் சாப்பாடு…

இல்லை.

ரங்கூனிலிருந்து: சயா, வெடுக்கென்று பேசுகிறீர்களே?

சரி, இல்லைங்க.