எதிர்ப்பு சக்தியைக் கூட்டலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு வைரஸ் நிமோனியா வந்து, ஆக்சிஜன் வைத்துப் பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். சி.டி. ஸ்கேனில் இன்னும் வெள்ளைத் திட்டுகள் தெரிகின்றன என்று டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதியிருக்கிறார். ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியைக் குறைத்துவிடும், நிறுத்திவிடு என்கிறார்கள் சொந்தக்காரர்கள். எதிர்ப்பு சக்தி குறைந்தால் நுரையீரல் எப்படி ஆறும்? அதைக் கூட்ட என்ன கொடுக்கலாம்?

எம்., ஈரோடு

அன்புள்ள எம்.,

சொந்தக்காரர்கள் சொல்வது பாதி சரி. ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியை அடக்கும். அடக்கத்தான் கொடுக்கிறார்கள். 2020 ஜூனில் வெளிவந்த பிரிட்டனின் ரெகவரி ஆய்வு முடிவைப் பாருங்கள். டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்ததில், வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் ஏதும் இல்லை. முற்றிய கட்டத்தில் நுரையீரலைக் கெடுப்பதில் வைரஸைவிட நம் சொந்த எதிர்ப்பு அணுக்களின் பங்கு பெரிது.

'கூட்டுவது' என்ற பேச்சு கபசுரக் குடிநீர் காலத்தில் நம் ஊரில் வேர்விட்டது. குடிநீரைக் குறை சொல்லவில்லை, அந்தப் பேச்சைத்தான் சொல்கிறேன். நுரையீரலுக்கு வேண்டியது நிதானமான எதிர்ப்பு சக்தி. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் லிட்டர் அளவுக்குக் காற்று உள்ளே போய் வருகிறது. அதிலுள்ள ஒவ்வொரு தூசிக்கும் கிருமிக்கும் வீக்கம் உண்டானால் மூச்சு எங்கே விடுவது?

காற்று நுண்ணறைகளுக்குள் மேக்ரோஃபேஜ் என்ற எதிர்ப்பு அணுக்கள் ஊர்ந்துகொண்டே இருக்கின்றன. கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உயிருள்ள எலியின் நுரையீரலில் இதை நேரடியாகப் பார்த்து 2020-ல் எழுதினார்கள். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு ஊர்ந்து போய், பாக்டீரியாவை ஓசையின்றி விழுங்கிவிடுகின்றன. அந்த நகர்வைத் தடுத்தால், நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் கூட்டமாக வந்து இறங்குகின்றன. கிருமியோடு திசுவுக்கும் சேதம்.

அவற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, உள்ளே சர்ஃபேக்டன்ட் என்ற வழவழப்பான பூச்சு இருக்கிறது. பழைய பூச்சைத் தின்று அப்புறப்படுத்துவதில் மேக்ரோஃபேஜுக்குப் பெரும் பங்கு. இதற்கு வேண்டிய சமிக்ஞையைச் சிலருக்கு அவர்களுடைய ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளே தடுத்துவிடும். அப்போது பூச்சு தேங்கி, நுண்ணறைகள் நிரம்பி, மூச்சு முட்டும். வைத்தியம் விசித்திரமானது: மயக்கம் கொடுத்து, ஒரு நுரையீரலால் மூச்சு விடவைத்துக்கொண்டு, மற்றதில் வெதுவெதுப்பான உப்புநீரை விட்டு விட்டு வடிக்கிறார்கள். முதல் ஜாடிகளில் வருவது பால்போல இருக்கும். லிட்டர் லிட்டராகக் கழுவக் கழுவ, வரிசையில் கடைசி ஜாடிகள் தெளியும். கிருமியே இல்லாத நோய் இது. எதிர்ப்பு அணு தன் வீட்டுவேலையைச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். நுண்ணறைச் சுவரில் இரண்டு வகை அணுக்கள் உண்டு. காயம்பட்ட நுண்ணறையில் இரண்டாம் வகை அணுக்கள் பெருகி, மெல்லிய முதல் வகை அணுக்களாக மாறிச் சுவரைப் புதுப்பிக்கின்றன. செத்த அணுக்களை அள்ளுவதும், நார் பின்னும் அணுக்களுக்குச் 'செய்' என்று சொல்வதும் மேக்ரோஃபேஜ்கள்தான். சொல்லிவிட்டு நிறுத்தினால் ஆறும். நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தால் கொலாஜன் என்ற நார்ப் புரதம் சேர்ந்து இறுகித் தழும்பாகிவிடும். அந்த ஓயாத வீக்கத்தை அடக்கத்தான் ஸ்டீராய்டு. ஏற்கெனவே இறுகிய தழும்பை அது கரைக்காது. ஆனால் நிமோனியாவுக்குப் பின் தெரியும் வெள்ளைத் திட்டெல்லாம் தழும்பல்ல. பல, சில மாதங்களில் மறைந்துவிடும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சில வாரம் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று விட்டால், உடம்பு தானாகச் சுரக்கவேண்டிய ஸ்டீராய்டு உடனே சுரக்காது. டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறையுங்கள். சர்க்கரையை அடிக்கடி பாருங்கள். 2021-ல் கறுப்புப் பூஞ்சை அத்தனை பேரைப் பிடித்ததற்கு, கட்டுக்கடங்காத சர்க்கரையும் கணக்கில்லாமல் கொடுத்த ஸ்டீராய்டும் முக்கியக் காரணங்கள். வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடித்தால் அம்மா இருக்கும் பக்கம் வேண்டாம். கொசுவர்த்தியும் வேண்டாம், வலை கட்டுங்கள்.

ஏதாவது கொடுத்தே ஆகவேண்டும் என்றால், ஃப்ளூ தடுப்பூசியையும், நிமோனியா உண்டாக்கும் பாக்டீரியாவுக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசியையும் எப்போது போடலாம் என்று அடுத்த முறை டாக்டரிடம் கேளுங்கள்.