காரில் அதிர்ந்த பேஸ் படகில் எங்கே போனது?

கேள்வி: என் காரில் இருந்த 10 இஞ்ச் சப்வூஃபரை, அதே சீல்டு பெட்டியோடு என் 20 அடி ஃபைபர் படகில் வைத்தேன். ஆம்ப் 300 வாட். காரில் நெஞ்சு அதிரும். படகில் பேஸ் கேட்கவே இல்லை. என்ன பெட்டி செய்யலாம்? – தூத்துக்குடி வாசகர்

பதில்: சப்வூஃபர் கெட்டுப்போகவில்லை. கார் ஒரு மூடிய சின்ன அறை. அடைபட்ட காற்றில் ஸ்பீக்கர் அசையும்போது அடிமட்ட பேஸ் தானாகவே பெருகும். காற்றுப் புகாமல் மூடிய சீல்டு பெட்டியில் குறைந்துபோகும் அடிமட்ட ஒலியை அந்த அறைதான் ஈடுகட்டியது. திறந்த படகில் அந்த உதவி கிடையாது. தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் வேறு போய்விடும்.

அதனால் போர்ட், அதாவது காற்று வந்துபோகும் குழாய் வைத்த பெட்டிதான் என் தேர்வு. ட்யூனிங்கை (பெட்டியும் குழாயும் சேர்ந்து அதிரும் அதிர்வெண்ணை) ஒட்டிய பகுதியில் 3 டெசிபல் கூடுதலாகக் கிடைத்தாலே 600 வாட் ஆம்ப் போட்டதற்குச் சமம்; பேட்டரிக்கும் கூடுதல் சுமை இல்லை.

ஆனால் உங்கள் ஸ்பீக்கர் அதற்கு ஒத்துவருமா என்று முதலில் பாருங்கள். அதன் விவரத் தாளில் உள்ள எஃப்எஸ் (Fs, ஸ்பீக்கரின் இயல்பு அதிர்வெண்) எண்ணை கியூஇஎஸ் (Qes, அதன் மின்வழித் தணிப்பைக் காட்டும் எண்) எண்ணால் வகுங்கள். 50-க்குக் கீழ் வந்தால் அது சீல்டுக்கானது. 100-ஐ நெருங்கினால் தாராளமாக போர்ட். நடுவில் வந்தாலும் படகுக்கு நான் போர்ட்டையே எடுப்பேன்.

அளவு சொல்கிறேன்: உள்ளே 45 லிட்டர், 40 ஹெர்ட்ஸ் ட்யூனிங். அதற்கு 10 செ.மீ. உள்விட்டமுள்ள பிவிசி குழாய் 25 செ.மீ. நீளம் வேண்டும். வெட்டவெளியில் இதற்குக் கீழே ஆழம் தேடிப் பயனில்லை; பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியே 41 ஹெர்ட்ஸ்தான். ட்யூனிங்குக்குக் கீழே கூம்பைப் பிடித்து நிறுத்தும் காற்றழுத்தம் இருக்காது. மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் சப்சானிக் ஃபில்டரை 30 ஹெர்ட்ஸில் போடாமல் பாட்டை ஏற்றவே ஏற்றாதீர்கள்.

இருக்கைக்கு அடியில் பெட்டியில்லாமல் பொருத்துவதும் உண்டு. அதற்கு கியூடிஎஸ் (Qts, மொத்தத் தணிப்பைக் காட்டும் எண்) 0.6-க்கு மேல் உள்ள ஸ்பீக்கர் வேண்டும். பின்பக்கக் காற்று முன்னால் கசியவே கூடாது. பழைய ஃபைபர் இருக்கையில் அந்த அடைப்பு கிடைப்பது கஷ்டம்.

அப்புறம் உப்புத்தண்ணீர். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை ஈரம் குடித்து உப்பிவிடும். ஐஎஸ் 710 முத்திரை உள்ள 18 மி.மீ. மரைன் பிளைவுட்டை எடுத்து, உள்ளும் புறமும் எபாக்ஸி பூசுங்கள். வெட்டிய ஓரங்களுக்கு இரண்டு தடவை. குழாயின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும், தரைக்கும் அதற்கும் 10 செ.மீ. இடைவெளியோடு. உள்ளே போன தண்ணீர் அதன் வழியே வடிந்துவிடும். காகிதக் கூம்பு என்றால் பெட்டியோடு ஸ்பீக்கரையும் மாற்றிவிடுங்கள். பாலிப்ரொப்பிலீன் கூம்பும் ரப்பர் விளிம்பும்தான் கடலில் நிற்கும். வெள்ளீயம் பூசிய செம்பு வயர் போடுங்கள். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 18 செ.மீ.க்குள் இருக்க வேண்டும்.

பெட்டியைத் திருகி இறுக்குவதற்கு முன் 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, இரண்டு மூன்று மூலைகளில் மாற்றி வைத்து, நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து கேளுங்கள். மூலைக்கு மூலை வித்தியாசம் தெரியும். படகில் காந்தத் திசைகாட்டி இருந்தால், ஒவ்வொரு இடத்திலும் அது விலகுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.