எனக்கு வேணும்

அன்புள்ள ஐயா,

அம்மா கோட்டாறு ஊர்க்காரர். நாங்கள் பெங்களூரில் இருக்கிறோம். 2024 டிசம்பரில் கோவாவில் புனித பிரான்சிஸ் சவேரியார் உடலைத் தரிசனத்துக்கு வைத்திருந்தபோது குடும்பத்தோடு போனோம். பதினொரு வயது மகள், "இதையா அழியாத உடல்னு சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. கற்காமலே எல்லா மொழியும் பேசும் வரம் அவருக்கு இருந்தது என்பார் அம்மா. அது உண்மையா? இன்னொரு வருத்தம். மகள் தமிழ் செபங்களை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவைத்துத்தான் படிக்கிறாள். பூசையில் யாராவது பார்த்தால் கூசிப்போகிறேன்.

ஆ., பெங்களூரு

அன்புள்ள ஆ,

மகள் கண்ணால் பார்த்ததைச் சொன்னாள். ஐரோப்பாவிலிருந்து வந்து நம் கடலோரத்தில் வேதம் போதித்து, 1552இல் சீனக் கரையோரத் தீவில் இறந்தவர் உலர்ந்து சுருங்கித்தான் இருப்பார். வலது கையை வேறு 1614இல் வெட்டி ரோமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதை விடுங்கள்.

மொழி வரம் என்பதற்கு அவருடைய கடிதங்களே எதிர்சாட்சி. 1544இல் புன்னைக்காயலிலிருந்து கூட்டாளி மான்சிலாஸுக்கு எழுதும்போது, பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷி இல்லாமல் தனியாக மாட்டிக்கொண்டேன், நான் பேசுவது இவர்களுக்குப் புரியவில்லை, இவர்கள் பேசுவது எனக்குப் புரியவில்லை என்று புலம்புகிறார். இரண்டு மொழியும் தெரிந்த ஆட்களைப் பிடித்து உட்காரவைத்து, செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் பண்ணி, கையில் மணியை ஆட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். வரம் பெற்றவருக்கு இந்தப் பாடு எதற்கு?

அந்தத் தமிழாக்கத்தில் ஒரு தப்பு நேர்ந்தது. ரொம்ப நாளாக என் மண்டைக்குள் உட்கார்ந்திருக்கும் தப்பு. கடவுளை நம்புகிறேன் என்று அறிக்கையிடும் செபமான விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று போட்டுவிட்டார்கள். பின்னால் தெரியவந்ததும், வேணும் என்றால் ஆசைப்படுவதுதான், நம்புவது ஆகாது, உடனே மாற்றச் சொல் என்று மான்சிலாஸுக்கு எழுதினார். இறையியல்படி அவர் சொன்னது சரி. ஆனால் அதுவரை தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறை மொத்தமும் கடவுள் எனக்கு வேணும் என்றல்லவா சொல்லிக்கொண்டிருந்திருக்கும்! திருத்தியிருக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. சாமியார்கள் யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

எங்கள் அத்தைக்கு அந்த இலக்கணம்தான். தூத்துக்குடியிலிருந்து வாழ்க்கைப்பட்டு பெங்களூரு வந்தவர். மூத்த மகன் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனபிறகு, சாயங்காலமானால் கிளீவ்லேண்ட் டவுன் சவேரியார் கோவிலுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு நடப்பார். விசுவாசப் பிரமாணம் தொடங்கும், நாலாவது வரியைத் தாண்டாது. "சவேரியாரே, எம்பிள்ள எனக்கு வேணும்." அதையே திரும்பத் திரும்பச் சொல்வார். ஞானோபதேச வகுப்பில் பரிசு வாங்கிய திமிரில் நான், "அத்தை, செபத்துல அப்படி இல்ல" என்றேன். செபமாலை சுற்றிய கையாலேயே நறுக்கென்று ஒரு குட்டு.

சரி, உங்கள் கூச்சத்துக்கு வருகிறேன். அச்சில் வந்த முதல் தமிழ்ப் புத்தகம் எது தெரியுமா? 1554இல் லிஸ்பனில் வந்த செபப் புத்தகம். தமிழை ரோமன் எழுத்தில்தான் அச்சடித்தார்கள். தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் வர 1578 ஆயிற்று. உங்கள் மகள் செய்வது தமிழ் அச்சு தொடங்கிய இடத்திலேயே இருந்த வழக்கம். பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தால் பார்க்கட்டுமே! குழந்தை வாயைத் திறந்து தமிழில் செபம் சொல்கிறாள், நீங்கள் அவள் நோட்டைப் பார்த்துக் கூசுகிறீர்கள். கூச வேண்டுமென்றால் ஆனா ஆவன்னா சொல்லித்தராத உங்களை நினைத்துக் கூசுங்கள். ஒரு கோடை விடுமுறை போதும் அதற்கு.

அத்தை மகன் திரும்பி வந்தானா என்று கேட்பீர்கள். ஒன்பது வருஷம் கழித்து வந்தான், ஒரு கன்னடப் பெண்ணைக் கட்டிக்கொண்டு. அத்தை ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அப்புறம் அடுப்படியில் உட்காரவைத்துத் தமிழ் செபம் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பெண் எல்லாவற்றையும் கன்னட எழுத்தில் எழுதிக்கொண்டாள். அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. 'ழ' வரும் இடமெல்லாம் 'ள'தான்.