அரிசி மொத்தக்கடை பில்லிங்குக்கு மோங்கோடிபி வேண்டுமா?

வணக்கம் நண்பரே. நீங்கள் இரண்டே பேர், நான்கு மாதத்தில் அரிசி மொத்தக்கடைக்குப் பில்லிங்கும் சரக்குக் கணக்கும் பார்க்கும் மென்பொருள் எழுத வேண்டும். கையில் இருப்பது பைத்தான் அனுபவம். இதற்குப் போய் நோட் (ஜாவாஸ்கிரிப்டில் சர்வர் எழுதும் கருவி), மோங்கோடிபி (தரவை ஆவணங்களாக வைக்கும் தரவுத்தளம்), மைக்ரோசர்வீஸ் (மென்பொருளைப் பல சிறு சேவைகளாகப் பிரிப்பது) என்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். பைத்தானில் இணையச் செயலி எழுத உதவும் ஜாங்கோவும், தரவை அட்டவணைகளாக வைக்கும் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸும் போதும்.

ஒரு பில் போட்டால் சரக்கு குறைய வேண்டும், வாடிக்கையாளர் பாக்கி ஏற வேண்டும், வரி பதிவாக வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் எல்லாமே நடந்திருக்க வேண்டும், இல்லையென்றால் எதுவுமே நடந்திருக்கக் கூடாது. இதற்கு டிரான்சாக்‌ஷன் என்று பெயர்; போஸ்ட்கிரெஸுக்கு இது கைவந்த கலை. மோங்கோவிலும் 2018இல் வந்த 4.0 பதிப்பு முதல் பல ஆவணங்களுக்கான டிரான்சாக்‌ஷன் உண்டுதான். ஆனால் பில், சரக்கு, பாக்கி மூன்றையும் சேர்த்துக் கடைக்காரர் அறிக்கை கேட்கும்போது போஸ்ட்கிரெஸின் வினவல் மொழியான எஸ்கியூஎல்லின் அருமை தெரியும்.

பணத்தை மட்டும் ஃப்ளோட்டில் (தசம எண்ணைத் தோராயமாக வைக்கும் எண் வகை) வைக்காதீர்கள். அதில் 0.1 + 0.2 சரியாக 0.3 ஆகாது. தசமத்தைத் துல்லியமாக வைக்கும் ஜாங்கோவின் டெசிமல்ஃபீல்டு போடுங்கள். பைசா வித்தியாசம் தேடி இரண்டு இரவு கண்விழித்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதல் மாதம் கடைக்காரரிடம் காட்ட ஜாங்கோவோடு தயாராக வரும் அட்மின் பக்கமே போதும், தனியாகத் திரைகள் கட்டும் ரியாக்ட் பிறகு. கடையில் இணையம் அடிக்கடி போகுமா என்று இன்றே விசாரியுங்கள். போகுமென்றால் சர்வரைக் கடைக்குள்ளேயே வைக்க வேண்டியிருக்கும்.