மேயரை நாமே தெரிவு செய்தால் என்ன?

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வவுனியா மாநகர சபையைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் ஒன்றுக்கு ஒரு கடிதத்தை மட்டும் எடுத்திருக்கிறோம்.

கேள்வி: நகர சபை மாநகர சபையாகிவிட்டது. ஆனால் வாக்குச்சீட்டில் மாநகர முதல்வரின் (மேயரின்) பெயரை நாங்கள் காணவில்லை. தேர்தல் முடிந்து, கட்சிகள் கூடிப் பேசி முடித்த பிறகுதான் அவர் யாரென்றே தெரிந்தது. அமெரிக்காவில் போல மேயரை மக்களே நேரடியாகத் தெரிவு செய்து, அதிகாரத்தையும் அவரிடமே கொடுத்தால் என்ன? (வாசகர், குருமன்காடு)

பதில்: நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். மேயரை யார் தெரிவு செய்வது என்பது ஒன்று. வந்தவர் கையில் என்ன இருக்கும் என்பது மற்றது. முதலாவதைத் தீர்த்தால் இரண்டாவதும் தானாகத் தீர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். தீராது.

தெரிவை முதலில் பார்ப்போம். 2018 பெப்ரவரி 10 தேர்தலிலிருந்து 60 வீத உறுப்பினர்கள் வட்டாரத்திலும் 40 வீதம் பட்டியலிலும் வருகிறார்கள். ஒரு கட்சி மொத்த ஆசனங்களில் பாதிக்கு மேல் பிடித்தால் முதல்வரின் பெயரை அந்தக் கட்சியே கொடுத்துவிடும். பிடிக்காவிட்டால் உள்ளூராட்சி ஆணையாளர் முதல் அமர்வைக் கூட்டுவார். வாக்கெடுப்பு பகிரங்கமா இரகசியமா என்பதை உறுப்பினர்கள் தீர்மானிப்பார்கள். வாக்கு சமமாக வந்தால் திருவுளச்சீட்டு. முந்திய விகிதாசார முறையில் முதலிடம் பெற்ற கட்சிக்கு 2 மேலதிக ஆசனங்கள் கிடைத்தன. அதை வைத்துச் சபையை ஓட்டினார்கள். இப்போது அந்த ஊன்றுகோல் இல்லை. 2025 மே 6 தேர்தலில் வவுனியாவில் எந்தக் கட்சிக்கும் பாதி எட்டவில்லை. பேரம் பேசியது கட்சிகளின் குணம் மட்டுமல்ல, சட்டமே அவர்களை அதற்குள் தள்ளுகிறது.

இனி அதிகாரம். எமது மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் 1947இல் வந்தது. அதன்படி முதல்வரே சபையின் பிரதான நிறைவேற்று அதிகாரி. மாநகர ஆணையாளர் அவருடைய பணிப்பின் கீழ் வேலை செய்பவர். தமிழ்நாட்டில் இது தலைகீழ். அங்கே 1996, 2001, 2011 தேர்தல்களில் மக்கள் நேரடியாக மேயரைத் தெரிவு செய்தார்கள். 2006இலும் 2022இலும் கவுன்சிலர்கள் தெரிவு செய்தார்கள். எந்த வழியில் வந்தாலும் நிர்வாகத்தை நடத்துவது மாநில அரசு அனுப்பும் ஆணையர்தான். நேரடித் தேர்தலால் மட்டும் மேயர் பலமடைவார் என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அமெரிக்காவில் எல்லா நகரமும் ஒரே மாதிரி இல்லை. டலஸ், பீனிக்ஸ் போன்ற பெருநகரங்களில்கூட சபை ஒரு முகாமையாளரைச் சம்பளத்துக்கு அமர்த்தி நிர்வாகத்தை அவரிடம் கொடுக்கிறது. மேயர் அங்கே சபைக்குத் தலைமை தாங்குபவர். வேகமாக வளர்ந்த சில நகரங்கள் அந்த முறையை விட்டு, மேயரே நிர்வாகம் செய்யும் முறைக்கு மாறின. சான் டியாகோ 2006இலும் கொலராடோ ஸ்பிரிங்ஸ் 2011இலும் அப்படி மாறியவை. டலஸ் மக்கள் 2005இல் இரண்டு தடவை வேண்டாமென்றார்கள். சாக்ரமெண்டோ 2014இலும் 2020இலும் மறுத்தது.

வவுனியா முதல்வருக்குக் கடதாசியில் நிறைவேற்று அதிகாரம் ஏற்கெனவே உண்டு. நடைமுறையில் அது மெலிந்து போவது மூன்று இடங்களில். முதலாவது ஆளணி. ஆணையாளர், பொறியியலாளர், கணக்காளர் எல்லோரும் மாகாண நிர்வாகத்தின் ஊடாக வருபவர்கள். அவர்களுடைய நியமனமும் இடமாற்றமும் ஒழுக்காற்று நடவடிக்கையும் முதல்வரின் கையில் இல்லை. இரண்டாவது பணம். சோலைவரி, கடை வாடகை, அனுமதிப்பத்திரக் கட்டணம் ஆகியவற்றைச் சபையே அறவிடும். காணி உறுதி முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாணத்தின் ஊடாகத்தான் வந்து சேரும். எப்போது வருமென்று நம்பித் திட்டம் போட முடியாது. மூன்றாவது பதவியின் உறுதி. அதைப் பற்றி மற்றொரு வாசகி கேட்டிருக்கிறார், கீழே வருகிறது.

கேள்வி: மாநகர சபையில் ஒரு தீர்மானம் நிறைவேற்றி, ஊர் மக்களிடம் வாக்கெடுப்பு வைத்து இதை மாற்ற முடியாதா? (வாசகர், தோணிக்கல்)

பதில்: முடியாது. அமெரிக்க நகரம் தன் சாசனத்தைத் தானே திருத்தி மக்கள் வாக்குக்கு விடலாம். இங்கே அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில் வந்த ஒன்பதாம் அட்டவணை உள்ளூராட்சியை மாகாணத்துக்குக் கொடுத்தாலும், சபைகளின் அமைப்பும் வடிவமும் கட்டமைப்பும் பாராளுமன்றச் சட்டத்தால் தீர்மானிக்கப்பட வேண்டும் என்று அங்கேயே சொல்லியிருக்கிறது. மேற்பார்வையும் கலைக்கும் அதிகாரமும்தான் மாகாணத்துக்கு.

ஆகவே முதல்வரை நேரடியாகத் தெரிவு செய்ய இரண்டு சட்டங்களில் கைவைக்க வேண்டும்: உள்ளூர் அதிகார சபைகள் தேர்தல் கட்டளைச் சட்டம், மாநகர சபைகள் கட்டளைச் சட்டம். நகர சபைக்கும் பிரதேச சபைக்கும் வேண்டுமென்றால் அவற்றின் சட்டங்கள் வேறு. வவுனியாவுக்கு மட்டும் தனியே செய்வதைவிட மாநகர சபைகள் எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கேட்பதே நடைமுறைக்கு ஒத்து வரும்.

ஆனால் அதே அட்டவணையில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு. இருக்கிற அதிகாரத்தை மாகாண சபை குறைக்க முடியாது, மேலதிகமாகக் கொடுக்கலாம். ஆளணியிலும் பணத்திலும் செய்யக்கூடிய பல திருத்தங்களுக்குக் கொழும்பு வரை போக வேண்டியதில்லை. சிக்கல் என்னவென்றால், 2013 செப்டெம்பரில் தெரிவான வட மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் இல்லை. இப்போது போய்க் கேட்க வேண்டியது ஆளுநரிடம்.

கேள்வி: தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் நகரம் இது. ஒரே ஆளை நேரடியாகத் தெரிவு செய்யப் போனால் தொகை கூடியவர்களின் ஆள்தானே எப்போதும் வருவார்? (வாசகர், பட்டானிச்சூர்)

பதில்: ஆகக் கூடிய வாக்கு எடுத்தவர் வென்றார் என்று விட்டால் அந்தப் பயம் நியாயமானது. இதற்கு வேறு நாட்டு முறை தேடத் தேவையில்லை. ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று விருப்பு வாக்குப் போடுகிறோமே, அதையே எடுக்கலாம். 2024 செப்டெம்பரில் முதல் தடவையாக இரண்டாம் எண்ணிக்கை வரை போனதை எல்லோரும் பார்த்தோம்.

நூறு செல்லுபடியான வாக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் எண்ணிக்கையில் அ 34, ஆ 31, இ 20, ஈ 15. யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. இ, ஈ இருவரும் ஒரே தடவையில் விலக்கப்படுவார்கள். அவர்களுடைய 35 சீட்டுகளில் அடுத்த விருப்பு ஆவுக்கு 20, அவுக்கு 8; மற்ற 7இல் வேறு அடையாளமே இல்லை. முடிவில் ஆ 51, அ 42. முன்னுக்கு நின்றவர் தோற்றார், மற்றச் சமூகத்தவரிடமும் போய் இரண்டாம் விருப்பைக் கேட்டவர் வென்றார்.

இதில் பிழைக்கும் இடம் அந்த 7 சீட்டுகள். ஒரே ஒரு புள்ளடியோடு பெட்டியில் போட்டுவிட்டு வருகிறவர்கள் தொகை கூடினால் முறை இருந்தும் இல்லாததுதான். பிரசாரத்தில் "எமக்கு மட்டும் போடுங்கள்" என்று கட்சிகள் சொல்லும்போது நடப்பது இதுவே. சபையின் வட்டார, பட்டியல் முறையை மட்டும் தொடக் கூடாது; சிறிய தொகையினர் சபைக்குள் வருவதற்கான வாசல் அது.

கேள்வி: மக்கள் தெரிவு செய்த மேயர் ஒரு கட்சி, சபையில் பெரும்பான்மை வேறு கட்சி என்றால் குப்பைகூட அள்ளுப்படாதே? (வாசகி, பண்டாரிகுளம்)

பதில்: இன்றைய முறையிலும் அதுதான் நடக்கிறது. யாழ்ப்பாண மாநகர சபையில் 2018இல் 45 ஆசனங்கள். முதலிடம் வந்த கட்சிக்கு 16 மட்டுமே. 2020 டிசம்பரில் முதல்வர் ஆர்னோல்ட்டின் பாதீடு இரண்டு தடவை தோற்றது, பதவி போனது. அந்த மாதம் 30ஆம் திகதி 21க்கு 20 என்ற வாக்கில் மணிவண்ணன் வந்தார். 2022 முடிவில் அவரும் பாதீட்டுச் சிக்கலோடு விலக, 2023 ஜனவரியில் ஆர்னோல்ட் திரும்ப வந்தார். மார்ச்சில் சபையின் ஆயுளே முடிந்துவிட்டது. பாதீட்டைத் தோற்கடித்தால் முதல்வரைக் கழற்றலாம் என்று சட்டம் வைத்திருப்பதால், பாதீட்டு வாக்கெடுப்பில் யாரும் வடிகாலையும் தெருவிளக்கையும் பார்ப்பதில்லை. நாற்காலியைப் பார்க்கிறார்கள்.

நேரடித் தெரிவு வருமென்றால் முதலில் அறுக்க வேண்டியது இந்த முடிச்சை. பாதீடு தோற்றால் பதவி போகக் கூடாது. ஆனால் முதல்வர் தான் நினைத்ததைச் செலவழிக்கவும் கூடாது. புதியது நிறைவேறும்வரை சென்ற ஆண்டுப் பாதீட்டில் மாதத்துக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதுவும் சம்பளம், எரிபொருள், மின்கட்டணம் போன்ற நடைமுறைச் செலவுக்கு மட்டும் என்று எழுதிவிட்டால் குப்பை வண்டி ஓடும், புதிய கட்டடம் எழும்பாது. இருபக்கத்துக்கும் விட்டுக்கொடுக்க ஒரு காரணம் இருக்கும்.

அடுத்தது தடுப்பதிகாரம். சபையின் தீர்மானத்தை மேயர் மறுத்தால் சபை எத்தனை வாக்கில் அதை மீறலாம் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. சான் டியாகோவில் தொடக்கத்தில் சபைக்கு 8 பேர். தீர்மானம் நிறைவேற 5 வாக்கு, மேயரின் மறுப்பை மீறவும் அதே 5. நிறைவேற்றிய அதே ஆட்களே அடுத்த கூட்டத்தில் மீறிவிடலாம். மேயருக்குக் கிடைத்தது கொஞ்ச நாள் தாமதம் மட்டுமே. 2010இல் மக்கள் வாக்கால் சபைக்கு 9ஆவது ஆசனம் சேர்த்து, மீறுவதற்கு மூன்றில் இரண்டு, அதாவது 6 என்று மாற்றினார்கள். நாம் சட்டம் எழுதும்போது "தடுப்பதிகாரம் உண்டு" என்று ஒரு வரியோடு நிறுத்தினால் அதே குழியில்தான் விழுவோம்.

மேயரை நீக்குவதையும் எழுதியே ஆக வேண்டும். அதே நகரில் 2013இல் மேயர் பொப் ஃபில்னர் மீது பாலியல் தொந்தரவுக் குற்றச்சாட்டுகள் அடுக்கடுக்காக வந்தபோது, சபையே வாக்களித்து அவரை வெளியேற்ற வழி இருக்கவில்லை. மக்கள் கையொப்பம் சேகரிக்கத் தொடங்கினார்கள். அவர் ஓகஸ்ட் முடிவில் தானாக விலகினார். இங்கே விசாரணை வைத்து முதல்வரை நீக்கும் அதிகாரம் மாகாணத்திடம் உண்டு, மாகாண சபை இல்லாத காலத்தில் ஆளுநரிடம். மக்கள் தெரிவு செய்தவரை நியமனம் பெற்ற ஒருவர் நீக்குவது சரியல்ல என்பது எமது கருத்து. சபையில் மூன்றில் இரண்டு பங்கினர் கேட்டு, விசாரணையில் குற்றம் நிலைநாட்டப்பட்டால் மட்டும் நீக்கம் என்று இருப்பதே பொருத்தம்.

கேள்வி: பலமான மேயர் வந்தால் பஸ் நிலையப் பிரச்சினையும் ஏ9 ஓரத்து வெள்ளமும் தீருமா? (வாசகர், வைரவபுளியங்குளம்)

பதில்: ஏ9 வீதி வீதி அபிவிருத்தி அதிகாரசபையினுடையது. இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) மத்திய அரசுக்குரியது, மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸின் வழித்தட அனுமதி மாகாண அதிகாரசபையிடம், குடிநீர் நீர் வழங்கல் சபையிடம், அரச காணி பிரதேச செயலகத்திடம். உள்வீதியும் அதன் வடிகாலும் சந்தையும் கட்டட வரைபட அனுமதியும் மேயரிடம். எப்படித் தெரிவு செய்தாலும் இந்தப் பங்கீடு மாறாது.

கேள்வி: நீங்கள் மேயரைப் பற்றி எழுதுகிறீர்கள். கிளிநொச்சிக்கு நகர சபைகூட இல்லை! (வாசகர், திருநகர்)

பதில்: உண்மைதான். மாவட்டத் தலைநகரம் இன்னமும் கரைச்சிப் பிரதேச சபைக்குள் இருக்கிறது. தரமுயர்த்துவது வர்த்தமானி அறிவித்தலால் ஆகும் காரியம். அதற்கு முன் சபைத் தீர்மானம், எல்லை வரைபடம், சனத்தொகை, வருமானக் கணக்கு ஆகியவை போக வேண்டும். எல்லையில்தான் பெரும்பாலும் தவறு நடக்கும். நகரத்தை மட்டும் வெட்டி எடுத்தால் மிஞ்சும் கிராமப்புறச் சபைக்கு வருமானம் இராது. வயலையும் சேர்த்து எடுத்தால் நகர வரி கட்டச் சொல்லி கமக்காரரிடம் போக வேண்டி வரும். பிரதேச சபை சோலைவரி அறவிட, அந்த இடம் கட்டடங்கள் நிறைந்த பகுதியாகப் பிரகடனப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். அப்படிப் பிரகடனமான பகுதியை நகர எல்லையின் அடிப்படையாக எடுத்தால் சச்சரவு குறையும். புதிய சபைக்கு வட்டாரமும் புதிதாக வகுக்க வேண்டும் என்பதால், தேர்தல் அறிவித்த பிறகு தொடங்கினால் அடுத்த தவணைக்குத்தான்.

கேள்வி: ஒருமுறை மாற்றிவிட்டுப் பிடிக்காவிட்டால் திரும்பலாமா? (வாசகி, பேசாலை)

பதில்: இங்கிலாந்தில் திரும்பியிருக்கிறார்கள். 2012 மே மாதம் பத்து நகரங்களில் நேரடி மேயர் வேண்டுமா என்று கேட்டபோது பிரிஸ்டல் மட்டுமே ஆமென்றது. 2022இல் அதே பிரிஸ்டல் வேண்டாமென்று வாக்களித்து, 2024 மேயோடு அந்தப் பதவியை முடித்துக்கொண்டது. சட்டத்திலேயே இரண்டு தவணை, அதாவது எட்டு ஆண்டு முடிவில் மீளாய்வு என்று ஒரு பிரிவு போட்டுவிட்டால் பின்னர் ஒவ்வொரு கட்சியின் காலிலும் விழத் தேவையில்லை. ஒரு தவணைக்குள் தீர்ப்புச் சொல்லக் கூடாது. முதல் இரண்டு ஆண்டுகள் மேயரும் சபையும் யார் எதில் கையெழுத்திடுவது என்று பழகுவதிலேயே போய்விடும்.