வீட்டுக்கு ஒரு சின்ன சர்வர்: எந்தப் பாகத்துக்கு முதலில் பணம்?

வீட்டில் மூலையில் வைக்கிற அளவுக்குச் சின்னதாக ஒரு சர்வர், அதில் நாலைந்து விர்ச்சுவல் மெஷின் (சுருக்கமாக விஎம், ஒரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்). இதற்கு என்னென்ன பாகம் வாங்கலாம், கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பிராசசரைப் பற்றியவை. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி (மதுரை, கல்லூரி மாணவர்): அக்கா, லினக்ஸும் நெட்வொர்க்கிங்கும் பழக ஐந்து விஎம் ஓட்ட வேண்டும். இன்டெல் ஐ7 பிராசசர் இல்லாமல் முடியுமா?

பதில்: தாராளமாக முடியும் தம்பி. முதலில் ராம் கணக்கைப் போடுங்கள், பிராசசர் அப்புறம். வேலை இல்லாமல் சும்மா இருக்கிற விஎம், பிராசசரைக் கிட்டத்தட்டத் தொடாது. அதனால் நான்கு கோர் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) மேல் பத்து விஎம்மைக்கூட ஏற்றலாம், எல்லாம் ஒரே நேரத்தில் உழைக்காத வரை. ராம் அப்படிப் பங்கு போட்டுக்கொள்ளாது. ஒரு விஎம் பிடித்த ராமை லேசில் விடாது.

உங்கள் ஐந்தையே எடுத்துக்கொள்வோம். விஎம்களை ஓட்டும் அடிப்படை மென்பொருளான ப்ராக்ஸ்மாக்ஸுக்கு 2 ஜிபி. டெபியன் (லினக்ஸில் ஒரு வகை) சர்வர் மூன்று, தலா 2 ஜிபி. ரவுட்டர் விஎம் ஒன்று, 2 ஜிபி. விண்டோஸ் 11 ஒன்று, 8 ஜிபி. ஆக 18 ஜிபி. 16 ஜிபி மெஷின் இங்கேயே மூச்சு முட்டிவிடும். 32 ஜிபி வைத்தால் நிம்மதி. டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் முறையாக இசட்எஃப்எஸ் போடுவதாக இருந்தால், அதன் கேஷுக்கும் (அடிக்கடி தேவைப்படுவதை ராமிலேயே வைத்துக்கொள்ளும் பகுதி) இடம் விடுங்கள். முன்பெல்லாம் அது மொத்த ராமில் பாதிவரை எடுத்துக்கொள்ளும். ப்ராக்ஸ்மாக்ஸ் 8.1 முதல் புதிதாக நிறுவும்போது அதைப் பத்து சதவீதத்துக்குள் கட்டிவைக்கிறார்கள். பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்தியவர்கள் அந்த வரம்பைத் தாங்களே போட வேண்டும்.

கேள்வி (திருச்சி): இன்டெல் என்100 சிப் போட்ட மினி பிசி புதிதாகவே மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கிவிடட்டுமா?

பதில்: விளம்பரத் தடுப்பு, படம் பார்க்க ஒரு மீடியா சர்வர், நாலு கன்டெய்னர் (தனி இயங்குதளம் இல்லாமல் ஒரே லினக்ஸைப் பகிர்ந்து ஓடும், விஎம்மைவிட லேசானது), இவ்வளவுதான் என்றால் வாங்குங்கள். 6 வாட் சிப், குடிக்கிற கரண்ட் மிகக் குறைவு. விஎம் பெருகும் என்று தெரிந்தால் வேண்டாம். அதில் இருப்பது நான்கு சின்னக் கோர். மெமரிக்குப் பாதை (சேனல்) ஒன்றே, பெரும்பாலான மெஷின்களில் ஒரே ஸ்லாட். இன்டெல் சொல்லும் உச்சம் 16 ஜிபி. பலர் 32 ஜிபி போட்டு ஓட்டுகிறார்கள், ஆனால் அதற்கு இன்டெல் பொறுப்பேற்காது. நானும் தொடக்கத்தில் ஒரே ஸ்லாட் உள்ள பெட்டி ஒன்றை வாங்கி, எட்டே மாதத்தில் விற்றேன். அதில் ஒரு குறையும் இல்லை. வளர இடம்தான் இல்லை.

கேள்வி (சென்னை): ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆபீஸிலிருந்து வந்த பழைய குட்டி பிசிக்கள் குவிந்து கிடக்கின்றன. நம்பி வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். என் கணக்கில், வீட்டில் விஎம் ஓட்ட நினைக்கும் பெரும்பாலானவர்களுக்கு இதுதான் சரியான வழி.

அவை குவிய ஒரு காரணம் உண்டு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏற்காது. அதனால் ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்களை ஆபீஸ்கள் மொத்தமாகக் கழித்துவிட்டன. ப்ராக்ஸ்மாக்ஸ் டெபியன் மேல் நிற்பது, அதற்கு இந்தத் தடை கிடையாது. கையில் காசு குறைவென்றால் ஆறாம் தலைமுறை ஐ5 நான்கு கோரே போதும். கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க முடிந்தால் எட்டாம் தலைமுறை ஐ5-8500டி பாருங்கள். அங்கே ஆறு கோர் ஆகிறது, ராம் 64 ஜிபி வரை போகும்.

டெல் ஆப்டிப்ளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, ஹெச்பி எலைட்டெஸ்க் மினி என்று மூன்று குடும்பங்கள். மூன்றிலும் லேப்டாப் ராம் ஸ்லாட் இரண்டு உண்டு. லெனோவோவின் எம்720க்யூவில் ரைசர் (கார்டு செருக உதவும் இணைப்புப் பலகை) ஒன்றை வாங்கிப் போட்டால் சின்ன பிசிஐ கார்டு (கூடுதல் வசதிக்காகச் செருகுவது) ஏறும், நான்கு போர்ட் நெட்வொர்க் கார்டு போட்டு ரவுட்டராக்க அருமையானது. ஆனால் ரைசர் போட்டால் 2.5 அங்குல டிஸ்க்குக்கு இடம் போய்விடும். இரண்டு என்விஎம்இ (குச்சி வடிவ வேகமான எஸ்எஸ்டி) வேண்டுமென்றால் எலைட்டெஸ்க் 800 ஜி4.

கடையில் நிற்கும்போதே செய்ய வேண்டியவை: மெஷினைப் போட்டு பயாஸுக்குள் (மெஷின் எழும்போது திறக்கும் அமைப்புத் திரை) போங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். அதை எடுக்க முடியாமல் பின்னால் தவிப்பவர்கள் நிறைய. விஎம் ஓட்ட உதவும் விடி-எக்ஸ், ஒரு பாகத்தை நேராக விஎம்முக்கே கொடுக்க உதவும் விடி-டி, இரண்டும் திறக்கிறதா என்று பாருங்கள். ஒரிஜினல் அடாப்டர் கேளுங்கள். வாட் குறைந்த அடாப்டரைத் தள்ளிவிட்டால் சில மெஷின்கள் பிராசசரின் வேகத்தைக் குறைத்துவிடும், காரணமே புரியாது. இரண்டு ராம் ஸ்லாட்டும் வேலை செய்கிறதா என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஓர் இரவு முழுக்க ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடட்டும். அப்புறம் தூசி தட்டி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிது பூசுங்கள். நம் ஊர் மே மாதத்தில் இதற்குப் பலன் கண்கூடாகத் தெரியும்.

அதே வாசகர்: 8500டிக்குப் பதில் வெறும் 8500 இருந்தால் கரண்ட் அதிகம் இழுக்குமே?

பதில்: முழு வேகத்தில் ஓடும்போது ஆமாம். சும்மா இருக்கும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 'டி' என்பது உச்சத்தை 35 வாட்டில் கட்டிப்போடும் ஏற்பாடு. வீட்டு சர்வர் நாளில் பெரும்பகுதி சும்மாதான் இருக்கிறது. சின்னப் பெட்டிக்குள் சூடு அடங்க 'டி' நல்லது. பில்லுக்காக என்று அதைத் தேடி அலைய வேண்டாம்.

கேள்வி (கோவை, ஓய்வுபெற்ற ஆசிரியர்): அம்மா, என்னிடம் 650 வாட் பவர் சப்ளையோடு பழைய டவர் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதையே இருபத்துநான்கு மணி நேரமும் ஓட விட்டால் கரண்ட் பில் என்ன ஆகும்?

பதில்: ஐயா, முதலில் ஒரு பிளக் மீட்டர் மாட்டி அளந்து பாருங்கள். 650 என்பது அது தரக்கூடிய உச்சம். உங்கள் டவர் சும்மா இருக்கும்போது 60 வாட் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு மாத பில்லில் அது 86 யூனிட். ஒரு குட்டி பிசி 15 வாட்டில் இருந்தால் 22 யூனிட்கூட ஆகாது. இன்னொன்று, இவ்வளவு பெரிய பவர் சப்ளையை இவ்வளவு சின்ன சுமையில் ஓட்டினால் அதன் திறன் நன்றாகவே இறங்கிவிடும். பழகிப் பார்க்க டவர் போதும், புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம். தேவைப்படும்போது மட்டும் போட்டு அணையுங்கள்.

கேள்வி: ராஸ்பெர்ரி பை 5 என்ற குட்டி கம்ப்யூட்டரில் 16 ஜிபி வந்துவிட்டதே, அதில் விஎம் ஓட்டலாமே?

பதில்: அதில் இருப்பது இன்டெல் அல்ல, ஏஆர்எம் வகைச் சிப். ஏஆர்எம் லினக்ஸ் மட்டும் என்றால் ஓடும். சாதாரண 64 பிட் விண்டோஸோ, இன்டெல் சிப்புக்கென்று கட்டிய விஎம்மோ அதில் ஓட்ட வழியில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிப்பை இன்னொரு சிப் மாதிரி நடிக்கவைக்கும் எமுலேஷன் ஆமை வேகம்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அக்கா, எங்கட பக்கம் கரண்ட் சொல்லாமல் போகும். இரண்டு தரம் விஎம் டிஸ்க் பழுதாகிவிட்டது. எஸ்எஸ்டியை மாற்றினால் சரியாகுமா?

பதில்: பாதி சரியாகும். இதே வலியை நானும் பட்டிருக்கிறேன். மலிவாகக் கிடைத்ததே என்று ஒரு க்யூஎல்சி எஸ்எஸ்டியில் (ஒரு செல்லில் நான்கு பிட் திணிக்கும் வகை) எல்லா விஎம்மையும் வைத்திருந்தேன். நடு இரவில் கரண்ட் போய் வந்தது, காலையில் டேட்டாபேஸ் விஎம் எழவில்லை. மூன்று மாதக் குறிப்புகள் போயின.

விஎம் டிஸ்க் என்பது ஓயாமல் சின்னச் சின்னதாக எழுதிக்கொண்டே இருப்பது. மலிவு க்யூஎல்சி, கேஷ் நிறைந்ததும் ஹார்ட் டிஸ்க்கைவிட மெதுவாகலாம். அதனால் டிஎல்சி (செல்லுக்கு மூன்று பிட்), முடிந்தால் டிராம் (எஸ்எஸ்டிக்குள்ளேயே ஒரு சின்ன மெமரி) உள்ளது என்று பார்த்து வாங்குங்கள். டேட்டா சென்டரில் பயன்படுத்தும் எஸ்எஸ்டிகளில் கெப்பாசிட்டர் இருக்கும். கரண்ட் போனாலும் கையில் இருப்பதை எழுதி முடித்துவிட்டுத்தான் அணையும். செகண்ட் ஹேண்டில் சாட்டா (கேபிள் இணைப்பு) வகை கிடைத்தால், டிஸ்க் தன் நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் எவ்வளவு எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்கலாம். என்விஎம்இ வகையில் பல 110 மில்லிமீட்டர் நீளம். குட்டி பிசியில் 80க்குத்தான் இடம், அளந்துகொள்ளுங்கள்.

மீதிப் பாதி யுபிஎஸ். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் அது மாறும் கண இடைவெளியில் மெஷின் ரீஸ்டார்ட் ஆகலாம். இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோட் இருந்தால் அதில் வையுங்கள். யூஎஸ்பி இணைப்புள்ள சின்ன யுபிஎஸ் இன்னும் நல்லது. நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டால், பேட்டரி இறங்கியதும் விஎம்களை ஒழுங்காக மூடிவிட்டு சர்வரும் அணைந்துகொள்ளும். கரண்ட் வந்ததும் தானே எழ, பயாஸில் ஓர் அமைப்பு இருக்கும், அதையும் போட்டுவிடுங்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): புதிதாகவே மினி ஐடிஎக்ஸ் என்ற சின்ன அளவு மதர்போர்டில் கட்ட நினைக்கிறேன். ரைசன் 5600ஜி பிராசசர், ஈசிசி (பிழையைத் தானே திருத்தும்) ராம். சரியா?

பதில்: 5600ஜியில் ஈசிசி வேலை செய்யாது. அந்த வரிசையில் 'ப்ரோ' என்று பெயரில் இருப்பவற்றில்தான் உண்டு, 5650ஜி ப்ரோ மாதிரி. மதர்போர்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். டிடிஆர்5 ராமில் ஈசிசி இயல்பாகவே இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னால், அது சிப்புக்குள் நடக்கும் திருத்தம் மட்டும். ராமுக்கும் பிராசசருக்கும் நடுவே வரும் பிழையை அது பிடிக்காது.

மினி ஐடிஎக்ஸ் போர்டு 17 சென்டிமீட்டர் சதுரம். பொதுவாக ராம் ஸ்லாட் இரண்டு, பிசிஐ ஸ்லாட் ஒன்றே ஒன்று. அதனால் 8 ஜிபி இரண்டு போடாதீர்கள். 32 ஜிபி குச்சி ஒன்றை இன்று போட்டு, இன்னொரு ஸ்லாட்டைப் பின்னாளுக்கு விடுங்கள்.

கேள்வி (பெங்களூரு): வேலைக்காக விஎம்வேர் பழக வேண்டும். அதன் சர்வர் மென்பொருளான இஎஸ்எக்ஸ்ஐ இலவசமா இல்லையா?

பதில்: விஎம்வேர் பிராட்காம் நிறுவனத்தின் கைக்குப் போனபின் 2024 பிப்ரவரியில் இலவசப் பதிப்பை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திரும்ப விட்டார்கள். ஆனால் அது பாகங்களில் பிடிவாதமானது. ரியல்டெக் நெட்வொர்க் சிப்பை மூலத்தில் ஏற்காது, இன்டெல் சிப் பார்த்து வாங்குங்கள். பெரிய கோரும் சின்னக் கோரும் கலந்த புது இன்டெல் பிராசசர்களில் நிறுவும்போதே விழுந்துவிடுவதும் உண்டு, சின்னக் கோர்களை அணைக்க வேண்டிவரும். பழகுவதற்கு மட்டும் என்றால் ப்ராக்ஸ்மாக்ஸுக்குள் ஒரு விஎம்மாகவே இஎஸ்எக்ஸ்ஐ போட்டுப் பாருங்கள். அதற்கு மட்டும் 8 ஜிபிக்கு மேல் ஒதுக்க வேண்டும்.

கேள்வி: மீடியா சர்வருக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டுமா?

பதில்: வேண்டாம். இன்டெல் பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸே படத்தைப் பார்க்கும் கருவிக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றிக்கொடுக்கும். அந்த ஒன்றை விஎம்மாக இல்லாமல் கன்டெய்னராக வைத்தால், கிராபிக்ஸை மற்ற கன்டெய்னர்களோடு பகிர்ந்துகொள்ளலாம்.

கேள்வி (சேலம்): இரண்டு டிஸ்க் வாங்கி மிரர் (ஒரே தகவலை இரண்டிலும் எழுதுவது) போட்டுவிட்டால் பேக்கப் தேவையில்லைதானே?

பதில்: தேவை. தவறுதலாக அழித்த விஎம், இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். கையில் இன்னும் ஒரே ஒரு டிஸ்க்குக்குத்தான் காசு இருக்கிறது என்றால் மிரரை விட்டுவிடுங்கள். அந்தக் காசில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி, இரவுதோறும் பேக்கப் போகிறபடி ப்ராக்ஸ்மாக்ஸில் நேரம் குறித்துவையுங்கள். முதல் வாரமே ஒரு விஎம்மை அந்த பேக்கப்பிலிருந்து மீட்டு, வேறு விஎம் எண்ணில் ஓட்டிப் பாருங்கள். எழுந்தால் சரி, எழவில்லையென்றால் பிழைச் செய்தியோடு எனக்கு எழுதுங்கள்.